தெய்வானை யார் குரலில் பேசினாள்?

என் உசிரு அண்ணே,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. போன மாதம் நீ பேசியதைக் கேட்டேன்.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்றபோது, பக்கத்தில் ஒரு பெண் போனில் தெய்வானையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நீ சேலை கட்டி மேடையிலும், பிறகு வானொலியிலும் பேசிய அதே தேயிலைத் தோட்ட லயத்துத் தெய்வானை. அதே கரகரப்பு, அதே இழுவை. பழைய பதிவு என்று நினைத்துக் கண் கலங்கினேன். அப்போது தெய்வானை, முந்தின வாரம் ஹந்தானைப் பாதையில் மண் சரிந்ததைச் சொல்லித் திட்டத் தொடங்கினாள். அந்த மண்சரிவை நீ எங்கேயிருந்து பார்த்தாய்?

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே செத்தவங்க குரலைச் செய்றாங்க அக்கா" என்றாள் என்னோடு புடவைக் கடையில் வேலை செய்கிறவள். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான். உன் நினைவு விழாக் கமிட்டித் தலைவரிடம் கேட்டேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காமல், சாவு வீட்டில் மைக் பிடித்து அழுதவர்.

"அதைக் கூட்டத்துல போடுவோம், சனம் அள்ளும்" என்றார்.

"யாருங்க பேசுறது?"

"யாரா இருந்தா என்னம்மா?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் நீ மூச்சு வாங்கும் இடத்திலேயே மூச்சு வாங்கியது; அது அவருக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் ஒருவர்தான். தெய்வானைக்குப் புருஷனாக நடித்த ரஹீம் நானா. கடைசிக் காலத்தில் நீ அவரோடு ஏன் பேசவில்லை என்று யாருக்கும் சொல்லவே இல்லையே.

கம்பளைக்குப் போனேன். ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கடையில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"அண்ணன் குரலை வச்சு ஏன் வெளையாடுறீங்க நானா?"

"நான் வெளையாடுறேனா? ஊட்டுல இருந்த பழைய பதிவையெல்லாம் வெட்டி ஒட்டி நீங்கதான் விடுறீங்கண்டு நெனச்சேன்!"

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டோம். பிறகு தெய்வானை பேசிக்கொண்டிருந்த என் போனை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

"தங்கச்சி, பின்னால கேக்குதா? இது ஒங்கட தோட்டத்துல வேலைக்கு ஊதுற சங்கு. நாங்க ஒத்திகை பார்க்கக்குள்ள எத்தன தரம் வந்து கெடுத்த சங்கு!"

அன்று பகலே ரெண்டு பேரும் மலை ஏறினோம். உன் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தெய்வானை பேசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அலுமாரித் தட்டில் போனைச் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்தபடி அண்ணி தனியாக நின்றாள். யார் வந்தாலும் தேத்தண்ணியும் ஒரு சிரிப்புமாக, ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத நம்ம பார்வதி அண்ணி.

"அண்ணி, நீங்களா அண்ணன் மாதிரி பேசுறது?"

அவள் பதறவில்லை. "நான் அவரு மாதிரி பேசல. அவருதான் என்ன மாதிரி பேசினாரு."

கல்யாணமான புதுசில் அவள் வீட்டிலும், தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலும் திட்டியதெல்லாம் அடுத்த நாடகத்தில் வந்ததாம். கொழுந்து எடுக்கிற இடத்தில் அவள் வாயைத் திறந்தால், புருஷன் மாதிரியே பேசுகிறாள் என்று சனம் சிரித்ததாம்.

"எங்கம்மா செத்தப்ப ஒப்பாரி வச்சேன். அதுக்கும் ஒருத்தி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அன்னைக்கு மூடுன வாயி."

அப்போதும் நான் முழுசாக நம்பவில்லை, அண்ணே. துக்கத்தில் புத்தி தடுமாறிச் சொல்கிறாளோ என்று ரஹீம் நானாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் நாங்க சண்ட பிடிச்சது. மேடையில அவட பேரச் சொல்லுண்டு சொன்னேன். அவன் கேக்கல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை கண்டியில் உன் நினைவு விழா. உன்னைப் போல் குரல் இனி யாருக்கும் வராது என்று தலைவர் பேசி முடித்ததும், அண்ணி எழுந்து மேடைக்குப் போனாள். முதல் வார்த்தைக்கே மண்டபம் சிரித்தது. அது அடங்குகிற வரை நின்றாள்.

"இது நடிப்பு இல்லைங்க. நான் பேசுறதே இப்பிடித்தான்."

முன் வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க தலைவரே, அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வழி தெரியலையா ஒங்களுக்கு? இன்னைக்கு மட்டும் மால எங்கேருந்து வந்துச்சு?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இந்த முறை அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். அண்ணி பேச்சை நிறுத்தியது உனக்குத் தெரியாதா? ஒரே அறையில் படுத்து எழுந்தவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்துதான் மறுபடி மறுபடி சேலை கட்டினாயா?

உன்னை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வந்தவுடனே ஒரு சந்தேகமும் வருகிறது. உன் படத்துக்குப் பூ வைப்பதை நான் நிறுத்த மாட்டேன். ஆனால் இனி என் முன்னால் யார் உன்னைப் புகழ்ந்தாலும், அண்ணி பேரைச் சொல்லாமல் அவர்களை விட மாட்டேன். இது சத்தியம்.

நீ பதில் சொல்லவேண்டிய
உன் தங்கச்சி,
சரசு