கட்டில் இனி ஆடாது, ஆரோக்கியமேரி

என் அருமை ஆரோக்கியமேரிக்கு,

நீ போய் மூன்று வருடம் கழித்து உனக்கு என் முதல் கடிதம். உயிரோடு இருந்தபோது ராயக்கோட்டையை விட்டு நீ எங்கே போனாய், நான் எழுத?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் லூர்து முழுகாமல் இருக்கிறாள், ஏழு மாதம். நீ பார்க்காத மருமகன் பாகலூர்க்காரன், நல்ல பையன். பெங்களூரில் ஃபேக்டரி வேலை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் தூங்கத்தான் நேரம் இருக்கிறது. அப்புறம், நாம் இப்போது சேலம் ஜில்லா இல்லையாம், தருமபுரி ஜில்லாவாம். ஜில்லா மாறியும் தக்காளி விலை மாறவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? அதில்தான் சிக்கல் வந்தது. லூர்துவின் மாமியார் தெரசம்மாள் ஒன்றரை மாசத்துக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வந்தார். அடுப்படியைப் பார்த்தார், கிணற்றடியைப் பார்த்தார், கடைசியில் நம் கட்டிலில் உட்கார்ந்தார். அது கிரீச்சென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பேடா அண்ணா," என்று எழுந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "தாயில்லாத வூடு. புள்ளத்தாச்சியப் படுக்க வெக்க ஒரு நல்ல கட்டிலு கூட இல்ல. பிரசவம் எங்க வூட்லயே ஆவட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அவர்மேல் கோபமில்லை. இந்தக் கட்டிலைப் பற்றி நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஒவ்வொரு தடவையும் ஓர் ஆணியை அடித்து உன் வாயை அடைத்தேன். காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களிலும் நீ புரளும்போதெல்லாம் அது முனகியது. அந்தச் சத்தம் எப்படி உன் காதில் விழுந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

சரி, பழையதைப் பேசி என்ன ஆகப்போகிறது? என் மகள் என் வீட்டில்தான் பிள்ளை பெறுவாள் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வண்டிச் சக்கரம் வறண்டு ஆட்டம் கண்டால் என்ன செய்வோம்? தண்ணீரில் இறக்குவோம். மண்வெட்டிக் காம்பு கழன்றாலும் அதேதான். பக்கத்துத் தோட்டத்து வெங்கடப்பாவும் நானும் கட்டிலைத் தூக்கிப்போய் வாய்க்காலில் போட்டோம். "ஏம்ப்பா, கட்டிலுக்கு ஞானஸ்நானமா?" என்று அவன் சிரித்தான். மறுநாள் எடுத்தால் இரும்பு மாதிரி இறுகியிருந்தது! உடனே பாகலூருக்கு ஆள் விட்டு, அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வரச்சொன்னேன்.

அதற்குள் ஒரு வாரம் நல்ல வெயில், நல்ல காற்று. தெரசம்மாள் வந்தார், உட்கார்ந்தார். ஒரு கால் கழன்றது. "ஏசுவே!" என்று தரையில் போய் உட்கார்ந்தார். நான் கைகொடுக்கப் போனால் தட்டிவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆவல. இதுவே நெறமாச வயித்தோட உங்க மவளா இருந்திருந்தா?" என்று கேட்டார்.

சந்தையில் ஓர் ஆசாரியிடம் போனேன். புதுக் கட்டிலுக்கு அவர் சொன்ன விலை இந்த விளைச்சலுக்குக் கட்டுப்படியாகாது. வாய்க்கால் கதையைச் சொன்னதும் ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணில ஊதுன மரம் காஞ்சா முன்னவிட அதிகமா இளைச்சிப் போவும். சக்கரத்த இறுக்கிப் புடிக்க இரும்புப் பட்டா இருக்குது. கட்டிலுக்கு என்னாய்யா இருக்குது?"

அவமானம்தான். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. கடையில் வச்சிரம் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்தேன். மாட்டுத் தோலைக் காய்ச்சிச் செய்கிற மரப்பசை அது.

கட்டிலைக் கழற்றினேன். நான் அடித்த ஆணிகள் ஒவ்வொன்றும் மரத்தைப் பிளந்து வைத்திருந்தன, எல்லாவற்றையும் பிடுங்கினேன். எந்தச் சட்டம் எந்தக் காலுக்கு என்று கரியால் குறித்து, நிழலில் பத்து நாள் உலரவிட்டேன். துளைகளில் அடைந்திருந்த அழுக்கைச் சுரண்டினேன். பசையை நேராக நெருப்பில் வைத்ததால் முதல் தடவை கருகிப்போனது. அந்த நாற்றத்தில் நம் நாய் இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. இரண்டாம் தடவை வெந்நீர்ப் பானைக்குள் தகர டப்பாவை இறக்கிப் பதமாக உருக்கினேன். பானை மண்பானைதான், உன் பித்தளைப் பாத்திரத்தைத் தொடவில்லை, பயப்படாதே.

சட்டத்தின் முனைகள் இளைத்திருந்தன. என் பழைய வேட்டியைக் கிழித்துப் பசையில் தோய்த்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு சுற்றுச் சுற்றித் துளைக்குள் அடித்து இறக்கினேன். இறுக்கிப் பிடிக்கப் பட்டறைக் கருவி எதற்கு, மாட்டுக் கயிறு இருக்கும்போது? கட்டிலைச் சுற்றிக் கட்டி, நடுவில் குச்சி கொடுத்து முறுக்கினேன். மூலைக்கு மூலை கயிறு பிடித்துக் கோணல் பார்த்தேன். மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லை. அவிழ்த்த பிறகு பதினைந்து நாள் நான்தான் அதில் படுத்தேன், வேண்டுமென்றே புரண்டு புரண்டு. ஒரு சத்தம் இல்லை.

நேற்று தெரசம்மாள் மறுபடி வந்தார், இந்தத் தடவை லூர்துவையும் கூட்டிக்கொண்டு. கட்டிலைப் பிடித்து உலுக்கினார். முழங்காலை வைத்து அழுத்தினார். கடைசியில் ஏறி நின்றே பார்த்துவிட்டார்! இறங்கியதும் என்னைப் பார்த்தார்.

"கட்டிலு சரி அண்ணா. வலி எடுத்தா கூட யாரு இருப்பா?"

"மருத்துவச்சிக்குச் சொல்லி வெச்சிருக்கன். நானும் இருக்கறன்."

"இவ பொறந்தப்ப நீங்க தோட்டத்துல தண்ணி கட்டினு இருந்தீங்களாமே. அண்ணி சொன்னதா இவதான் சொன்னா."

நீ மகளிடம் சொல்லியிருந்தாயா, மேரி? என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லையே. தண்ணீர் கட்ட அன்றைக்கு ஒன்றும் இல்லை. நீ அலறிய அலறலைக் கேட்கத் தைரியமில்லாமல் ஓடினேன். வயல் வரப்பில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நேற்று அவர்கள் இருவர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

லூர்து கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள். "நான் இங்கியே இருக்கறங்க அத்தே," என்றாள். "இந்தத் தடவ அப்பா எங்கியும் போவ மாட்டாரு."

தெரசம்மாள் லூர்துவின் துணிப்பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

போக மாட்டேன், மேரி. வாசற்படியிலேயே நிற்பேன். அவள் கத்தும்போது காதைப் பொத்த மாட்டேன். "அப்பா" என்று கூப்பிட்டால் அவள் காதில் விழும்படி "இங்கேதான் இருக்கிறேன்" என்பேன். உனக்குச் சொல்ல வேண்டியிருந்ததும் அதுதான்.

இப்படிக்கு,
அன்று ஓடிப்போன உன் வீட்டுக்காரன்,
அந்தோணிசாமி