சந்தியாகுவுக்கு ஒரு கம்ப்ரஸர்

1983 நவ. 27, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சேறு. பூசைக்குக் குடை எடுக்க மறந்து நனைந்தேன். செய்ய வேண்டியவை: குடிலுக்கு வைக்கோல். பழைய மேய்ப்பர் பொம்மைகளுக்குப் புருவம். செருப்புக்கு ஆணி. வீட்டுக்காரி பிலோமினாவுக்குத் தைலம்.

பூசை முடிவில் அறிவிப்பு. வீட்டுக் குடில் போட்டி இந்தக் கிறிஸ்துமஸுக்கும் உண்டு. நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏழு வருடமாக முதல் பரிசு எனக்குத்தான். கவனிக்காதவன் மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் குளிர்ந்தது.

மத்தியானம் பக்கத்து வீட்டுச் சந்தியாகு வந்தான். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். குவைத்திலிருந்து லீவில் வந்த மச்சான் இரண்டு ஏர் பிரஷ் கொண்டுவந்திருக்கிறானாம். ஒன்று இவனுக்கு, மற்றது புத்தூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு. எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டான். இந்தத் தடவை இவனும் போட்டிக்கு வருகிறான்.

"பெயின்ட் சமாச்சாரம் உங்களுக்குத்தாண்ணே தெரியும். நீங்க சொல்றத எடுத்துக்கறேன்."

தெரியும்தான். ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஆவதற்கு முன் ஆறு வருடம் பெயின்ட் அடிக்கிற இடத்தில் இருந்தவன்.

நவ. 29, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். ஆபீஸ் விட்டு நேரே சந்தியாகு வீட்டுக்கு. ஏர் பிரஷ் இரண்டும் பேனா அளவு. ஒன்றில் பெயின்ட் பாட்டில் கீழே தொங்குகிறது, அமுக்கினால் காற்றும் பெயின்ட்டும் சேர்ந்து வரும். மற்றதில் மேலே சின்னக் கிண்ணம். அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால்தான் பெயின்ட். பழகக் கஷ்டம். ஆனால் சின்ன உருவத்துக்கு அதுதான் சரி. அதையே எடுக்கச் சொன்னேன். இது வரை நேர்மையாகத்தான் நடந்துகொண்டேன்.

பிறகு லூர்து ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். சந்தியாகு மனைவி. ஆபரேஷன் ஆகி நான்கு மாதம் வீட்டோடு இருந்தாளே, அப்போது செய்ததாம். துணி சோப்பில் செதுக்கி, அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, இருபத்து மூன்று உருவங்கள். கட்டைவிரல் உயரம். மாட்டுக்குக்கூட இமை இருக்கிறது. ஒரு மேய்ப்பன் கொட்டாவி விடுகிறான்.

"சும்மா பொழுது போகலைன்னு செஞ்சேண்ணே. நல்லா இருக்கா?"

நன்றாக இருக்கிறது என்றேன். பொறாமை. வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

டிச. 4, ஞாயிறு

ஏர் பிரஷ்ஷுக்குக் காற்று கொடுக்கக் கம்ப்ரஸர் தேடும் படலம். யோசித்தவை: சைக்கிள் பம்ப் (கை ஒடியும்). லாரி டியூபில் காற்றடைத்து வைப்பது (பாதி பொம்மையில் தீர்ந்துவிடும்). பழைய ஃபிரிஜ்ஜிலிருந்து கழற்றிய கம்ப்ரஸர் (சத்தமில்லை, காற்று சீராக வரும்). மூன்றாவதுதான் என்றேன்.

பஸ்ஸில் ஸ்ரீரங்கம். காவிரியில் தண்ணீர் நிறைய. வடக்கு உத்திர வீதியில் ஒரு ஃபிரிஜ் மெக்கானிக், நெற்றியில் நாமம், கையெல்லாம் கிரீஸ். ஓட்டிக் காட்டினார். நல்ல சாமான். சந்தியாகு ஆட்டோ பார்க்க வெளியே போனான்.

மெக்கானிக் என்னிடம், "மழை நாள் ஸ்வாமி. காத்தோட தண்ணியும் வரும். நடுவுல ஒரு பாட்டில் வெச்சுப் பிடிக்கணும். இல்லேன்னா பெயின்ட்ல துப்பிடும். மாட்டித் தரட்டுமா?" என்றார்.

எனக்குத் தெரியாததா? ஆறு வருடம் காலையில் என் முதல் வேலையே காற்று டாங்கிலிருந்து தண்ணீர் வடிப்பதுதான்.

"வேண்டாங்க. வீட்டுல இருக்கு," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஏன் என்று தெரியும். சந்தியாகு கம்ப்ரஸரை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தான். எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தான்.

டிச. 10, சனி

அரை நாள் ஆபீஸ். மழை. சந்தியாகு எல்லா உருவங்களுக்கும் நிறம் அடித்து முடித்தான். கூப்பிட்டுக் காட்டினான். மாதாவின் அங்கியில் நீலம் மேலே வெளுத்துக் கீழே அடர்ந்து... தூரிகையால் நான் ஏழு வருடமாக முயன்று வராத சாயல்.

தண்ணீர் துப்பவில்லையோ என்று ஏமாற்றம். அடுத்த நிமிடம் அப்பாடா என்றும் இருந்தது. சத்தியமாக இருந்தது.

டிச. 11, ஞாயிறு

காய்ந்ததும் தெரிந்துவிட்டது. இருபத்து மூன்றிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, அம்மை போட்ட மாதிரி. குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எல்லாம் கேட்டது.

"காய விட்டுக் குடுன்னு சொன்னேனா இல்லையா? உள்ள ஈரம் இருந்திருக்கு."

"காஞ்சிருச்சுன்னுதாங்க நெனச்சேன்."

"நெனச்சே."

அப்புறம் அவள் பாத்திரம் தேய்க்கிற சத்தம். என் தட்டில் இட்லி ஆறியது. உடம்புக்கு என்ன என்றாள் பிலோமினா. வாய்வு என்றேன்.

டிச. 13, செவ்வாய்

ஸ்டோர்ஸில் ஸ்டாக் சரிபார்ப்பு. இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தேன்.

சந்தியாகு தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறான். மூன்று ராஜாக்களில் இருவருக்கு மூக்குப் போயிற்று. மறுபடி அடித்தான், மறுபடி புள்ளி. பிலோமினா குழாயடியில் கேட்டு வந்து சொன்னாள்: "என் கைதான் சரியில்லைன்னு லூர்து அச்சையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டா. சரியா சாப்பிடறதும் இல்லையாம்."

கெடப்போவது அவன் பெயின்ட் மட்டும்தான் என்று கணக்குப் போட்டேன். பழி அவள் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் மட்டும்?

டிச. 17, சனி

கோவிலில் பாவசங்கீர்த்தனம். வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர். சொன்னவை: கோபம், பிலோமினாவிடம் எரிந்து விழுந்தது, இரண்டு ஞாயிறு பூசைக்குத் தாமதம், ஆபீஸ் பேனா. "வேற ஏதாச்சும்?" என்றார் சாமியார். இல்லை சாமி என்றேன். இப்போது அதுவும் ஒரு பாவம்.

வரும் வழியில் ரப்பர் குழாய் ஒரு கஜம், கார்க் ஒன்று வாங்கினேன்.

டிச. 18, ஞாயிறு

விடிந்ததும் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, கார்க்கில் இரண்டு ஓட்டை போட்டுக் குழாய் சொருகினேன். அரை மணி வேலை. பூசை முடிந்ததும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

"காத்துல தண்ணி வருதுப்பா. அதான் புள்ளி," என்றேன். மாட்டி ஓட்டினோம். பத்து நிமிடத்தில் பாட்டில் அடியில் தண்ணீர்.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். "யோசிச்சுப் பார்த்தேன்," என்றேன்.

லூர்து அடுப்படியிலிருந்து வந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தியாகு அவளிடம், "ஏதேதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத," என்றான். மன்னிப்புக் கேட்டது அவன்.

"அப்ப என் பொம்மையில ஈரம் இல்லையாண்ணே?"

"இல்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"பின்ன யார் மேல?"

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"மழை மேல," என்றேன்.

லூர்து சிரித்தாள்.

"ஒரு வாரம் கழிச்சு இப்பத்தாண்ணே சிரிக்கிறா," என்றான் சந்தியாகு.