வேர்க்காத பிள்ளைக்கு ஓர் ஊர்

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே குழாயில் வெந்நீர். ஆராதனைக்கு என் வீட்டுக்காரர் மட்டும் போனார். ஜெமியை அந்தக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க முடியாது.

கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மா மாடிக்கு வந்தார். பிள்ளைக்கு ஏன் ஈரச் சட்டை போட்டிருக்கிறீர்கள், சளி பிடிக்காதா என்று கேட்டார். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: ஏழு வயது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி கிடையாது. வேர்க்காததால் உடம்புச் சூடு இறங்காது, காய்ச்சலாக ஏறிவிடும். வேர்வை செய்ய வேண்டிய வேலையை ஈரச் சட்டை செய்கிறது.

"வேர்க்காதா? குடுத்து வச்ச பிள்ள" என்றார்.

சண்டை போடவில்லை. எனக்கே என் மீது ஆச்சரியம்.

இன்று நனைத்த சட்டைகள் பதினொன்று. நாளை: கறிவேப்பிலை, சோப்பு, இன்னும் நான்கு காட்டன் பனியன், கலந்தாய்வுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் ஜெராக்ஸ்.

மே 6, செவ்வாய்

இடமாறுதல் கலந்தாய்வு 20ஆம் தேதி என்று எச்.எம். போனில் சொன்னார். விண்ணப்பம் போட்டபோது ஏதோ வீம்பில் போட்டேன். இப்போது தேதியே வந்துவிட்டது.

டாக்டர் போன மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிவிடலாம், ஆனால் ஓடி விளையாட வேண்டிய வயது, முடிந்தால் குளிர்ந்த ஊராகப் பாருங்கள் என்று. அவர் எளிதாகச் சொல்லிவிட்டார்.

ஊர்கள்:
குன்னூர் - ரொம்பத் தூரம்.
ஏற்காடு - தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.
செங்கோட்டை - சாரல் மூன்று மாதம். மீதி நாளெல்லாம் இங்கே மாதிரிதான்.
கொடைக்கானல் - பஸ்ஸில் ஏழு மணி நேரம். எங்கள் பள்ளி முத்துலட்சுமி டீச்சரின் தங்கை இருக்கிறாள்.
தூத்துக்குடி - இதே ஊர். அவர் இருக்கிறார்.

அவரால் வர முடியாது. உப்பளம். அண்ணனும் அவருமாகக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பதினெட்டு வயதிலிருந்து அதே பாத்தி, அதே வெயில். நாற்பத்தாறு வயதில் மலையில் போய் என்ன உப்பா விளைய வைப்பார்?

மத்தியானம் சாப்பிட வந்தார். பனியனெல்லாம் நனைந்து, காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. ஜெமி அவர் முதுகில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அப்பா மேலேயே உப்பு விளைந்திருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"உனக்கும் சேத்து நான் வேர்த்துக்கிடுதேன்ளா" என்றார்.

சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டேன்.

மே 10, சனி. கொடைக்கானல்

நேற்று மாலை வந்தோம். ஒரு நாள் இருந்து பார்க்கத்தான். முத்துலட்சுமி டீச்சரின் தங்கை மாடி அறையைத் திறந்து கொடுத்தாள். நல்ல மனுஷி. பேச்சு மட்டும் ஓயாது.

அவருக்கு முடியவில்லை. இரண்டு சட்டை, அதன் மேல் என் சால்வை, தலையில் துண்டு. துணிக்கடையில் வைத்த பொம்மை மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜெமி மேல் தண்ணீர் தெளிக்கப் பைக்குள் வைத்திருந்த ஸ்பிரே பாட்டிலைப் பார்த்து, அதை வெளியே எடுத்துராத டீச்சர் என்றார். வீட்டிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

காலையில் ஜெமிக்குச் சட்டையை நனைக்கப் பழக்கதோஷத்தில் வாளியை எடுத்தேன். தண்ணீரில் கை வைத்தவுடன் இழுத்துக்கொண்டேன்.

"இங்கன சட்டைய நனைக்க வேண்டாமாம்மா?"

வேண்டாம் என்றேன். காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் பார்த்தாள். புதுச் சட்டை இல்லை, பழையதுதான்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானம் பக்கம் போனோம். ஒரு நாய்க்குட்டி. அதன் பின்னால் ஓட ஆரம்பித்தாள். வழக்கமாக இருபது அடி ஓடினால் நான் "போதும்" என்பேன், அவளும் நின்றுவிடுவாள். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடு, ஓடட்டும் என்றார்.

மைதானத்தை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணச் சூடு. என் பிள்ளை ஏழு வருடத்தில் இன்றுதான் ஓடியிருக்கிறாள். எழுதும்போதே அழுகை வருகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மே 13, செவ்வாய்

திரும்பி வந்து இரண்டு நாள். கச்சான் காற்று, அதாவது மேற்கேயிருந்து வரும் அடுப்புக் காற்று. கடல் காற்று எந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டதோ.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. முக்கால் மணி நேரத்தில் ஜெமியின் முகம் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. தெர்மாமீட்டரில் 103. பாத்ரூம் தரையில் உட்கார வைத்து மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவருக்குப் போன் செய்தேன். உப்பு வாரும் நேரம், ஆட்களை அப்படியே விட்டுவிட்டு ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு வந்தார். காலில் இன்னும் அளத்துச் சேறு. அதோடு வீட்டுக்குள் வந்துவிட்டார்.

மூன்று மணிக்குச் சூடு இறங்கித் தூங்கினாள். நாங்கள் இருவரும் ஈரத் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"நீ அவளக் கூட்டிட்டுப் போயிரு டீச்சர்."

தரையைத் துடைத்தேன்.

மே 17, சனி

அவருக்குச் சமையல் பாடம். சாதத்தில் தேறிவிட்டார். ரசத்தில் புளியைக் கரைக்கச் சொன்னால் உருண்டையாகப் போடுகிறார். மீன் குழம்பு என்னைவிட நன்றாக வைக்கிறார். இத்தனை வருடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார். கேட்டால், சொன்னால் தினமும் வைக்கச் சொல்வாய் என்கிறார்.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. ஐப்பசியில் வந்து தை வரை உங்களோடு இருப்பேன் என்கிறார். மே மாதத்திலேயே சால்வையைப் போர்த்தியவர், மார்கழியில் என்ன ஆவார்? சிரிப்பாக இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், மீதி எட்டு மாதத்துக்கு மேல். சிரிப்பு போய்விட்டது.

ஜெமியிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 20, செவ்வாய்

கலந்தாய்வு. சி.இ.ஓ. ஆபீஸ் ஹாலில் எண்பது பேருக்குமேல், நான்கு ஃபேன். வேர்த்து ஊற்றியது. முதல் முறையாக வேர்வையைத் திட்டத் தோன்றவில்லை.

திரையில் கொடைக்கானல் பக்கம் இரண்டே காலியிடம். டவுனுக்குள் இருந்ததை எனக்கு முன்னால் போன டீச்சர் எடுத்துக்கொண்டார். மற்றது டவுனிலிருந்து அரை மணி நேரம் தள்ளி. என் பெயரைக் கூப்பிட்டார்கள். கொடைக்கானல் என்று வீட்டிலேயே நூறு முறை சொல்லிப் பார்த்திருந்தேன். அங்கே போய் உட்கார்ந்ததும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் இரண்டாம் முறையும் பொறுமையாகக் கேட்டார். மைதானத்தைச் சுற்றி வந்த கால்கள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. சொல்லிவிட்டேன்.

அவர் பைக் ஸ்டாண்டில் நின்றிருந்தார். ஆர்டரை வாங்கி, மேலேயிருந்து கீழே கையெழுத்து வரை படித்தார். ஏதாவது பிழை இருக்காதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியில் நிறுத்தி எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தந்தார். அவர் குடிக்கவில்லை.

மே 21, புதன்

ஜெமியிடம் சொல்லும் வேலை. காலையிலிருந்து இருவரும் மாற்றி மாற்றி நழுவிக்கொண்டிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டில் நானே ஆரம்பித்தேன். கொடைக்கானல், புதுப் பள்ளிக்கூடம், தினமும் ஓடலாம், காய்ந்த சட்டை. வகுப்பில் பேசும் குரல் எனக்கே கேட்டது.

கண் விரிந்துவிட்டது அவளுக்கு. அங்கே அப்பாவுக்கு எந்த அறை என்று கேட்டாள்.

அப்பாவுக்கு உப்பளம் இருக்கிறது, மழை வந்ததும் வருவார் என்றேன். அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

"எனக்கு வேர்க்காததுனாலயா அப்பா தனியா இருக்கணும்?"

வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நேரம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

"உன்னால இல்லளா" என்றார் அவர். "வெயிலு அப்படி அடிக்கு."

"அப்போ வெயிலு மேல கோவப்படலாமா?"

உப்பளத்துக்காரர்கள் வெயிலைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் விசிறிக்கொண்டே முணுமுணுத்தால்கூட, அது நமக்குச் சோறு போடுகிறது டீச்சர் என்று அடக்கிவிடுவார். பதினோரு வருடத்தில் வெயிலைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் தப்பாக வந்ததில்லை.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"படலாம்ளா. நானும் படுதேன்."

பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று எப்போதும் கத்துகிறவள் நான். இன்று ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.