நீங்கள் கழற்றச் சொன்ன பைப்

சாப்பிட்டாயா என்று கேட்காமல் எந்தப் பேச்சையும் தொடங்காத என் மச்சானுக்கு,

சாப்பிடவில்லை மச்சான். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் போய்ப் பதினொரு மாதம் கழித்து எழுதுகிறேன். உங்கள் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு தம்பி வாய்த்தானே என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்?

அந்த வாட்டர் ஸ்கூட்டரை விற்றுத் தொலைக்கலாம் என்று நினைத்தேன். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவருக்கு எதற்குக் கடல் வண்டி என்று கேட்டார். பழைய வண்டியாக வாங்கி லாரியில் நான் கொண்டுவந்து இறக்கிய அன்று நீங்களும் இதையேதான் கேட்டீர்கள். கேட்ட கையோடு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைப் பிரித்ததும் நீங்கள்தான். மம்சாபுரத்தில் பைக் பட்டறை வைத்திருந்த உங்களுக்குத் தண்ணீரில் ஓடுகிற வண்டி பழக்கமே இல்லை. ஆனாலும் என் ஆசைக்காக இறங்கினீர்கள்.

கண்மாய் நிறைந்திருந்த அந்த மார்கழி ஞாபகம் இருக்கிறதா? காசுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் பத்து நிமிஷம் பறக்கும். பிறகு வேகம் செத்துப்போகும், பீப் பீப் என்று கத்தும். சீட்டைத் தூக்கினால் முகத்தில் அனல் அடிக்கும். நீங்கள் பிளக் மாற்றினீர்கள், கார்புரேட்டரைக் கழுவினீர்கள், அடியில் விசிறியில் சுற்றியிருந்த பாசியை வெட்டி எடுத்தீர்கள். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

"பைக் எஞ்சின் சூட்ட ஆத்துறது காத்து, இதுக்குத் தண்ணி மாப்ள. பின்னாடி பம்பு இழுக்குற தண்ணி எஞ்சினச் சுத்தி வந்து இது வழியா பீச்சி அடிக்கணும். இங்க பாரு, ஒண்ணுக்குப் போக முடியாத கெழவன் மாதிரி சொட்டுது. எங்கயோ அடைக்கு. அந்தப் பைப்ப மட்டும் கழட்டிப் பாத்துருவோம்."

பொங்கல் கூட்டம் முடியட்டும், பொறவு பாக்கலாம் என்றேன். நான்தான் சொன்னேன், மச்சான்.

காணும் பொங்கலன்று புதுசாய்க் கல்யாணமான ஜோடியோடு நடுக் கண்மாயில் வண்டி நின்றுபோனது. அந்தப் பெண் பயத்தில் அழ, கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தோம். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "பைக் மெக்கானிக்க நம்பி இம்புட்டுப் பெரிய எஞ்சினக் குடுத்தேம்லா, என்னச் செருப்பால அடிக்கணும்! இனிமே என் வண்டியில கைய வச்சிராதீங்க!"

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி மாப்ள. பைப்ப மட்டும் பாரு" என்றீர்கள். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நமக்குள் அதுதான் கடைசிப் பேச்சு.

அதற்குப் பிறகு உங்கள் பட்டறைக்கு வண்டி வரத்துக் குறைந்ததாகக் கேள்விப்பட்டேன். சொந்த மச்சினனே நம்பாத கை என்று ஊர் பேசியது. அது என் காதுக்கும் வந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேனோ என்னவோ, பேசாமல் இருந்துவிட்டேன். ஆடியில் ஒரு காலையில் நெஞ்சு வலி என்று போன் வந்தபோது, உங்களோடு பேசி ஆறு மாதமாகியிருந்தது. பாடை தூக்க மட்டும் முன்னால் நின்றேன்.

தூத்துக்குடிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பொங்கலுக்குப் பிறகு வண்டியை மூடிப் போட்டவன், பைப்பைத் தொடவே இல்லை. கண்மாயில் இப்போது தண்ணீர் இல்லை. அதனால் போர் தண்ணீர் ஹோஸை மாட்டி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். ஓட்டையில் சொட்டுத் தண்ணீர்தான் வந்தது. நிறுத்திவிட்டு, "பைப்பக் கழட்டுங்க" என்றார். உங்கள் வார்த்தையே அடுத்தவர் வாயிலிருந்து வந்ததும், ஸ்பேனரை எடுத்து நானே கழற்றினேன்.

உள்ளேயிருந்து கறுத்து ஊறிப்போன துணி வந்தது. கழுவிப் பார்த்தேன். பேண்டேஜ் துணி. ஓரத்தில் நீல நூல். நம் பக்கத்தில் ஓரத்துக்கு நீல நூல் போடுகிறவன் நான் ஒருத்தன்தானே, மச்சான்?

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை அலசச் சொல்லியிருந்தீர்கள். என் போர் தண்ணீரில் மணல் வரும். பாலிலிருந்து பெட்ரோல் வரை எல்லாவற்றையும் பேண்டேஜ் துணியில்தானே நாம் வடிகட்டுகிறோம்? அதே புத்தியில், ரெண்டாய் மடித்த துணியை ஹோஸ் வாயில் வைத்து முடுக்கினேன். ஒருநாள் கழற்றும்போது துணியைக் காணோம். எங்கேயோ விழுந்திருக்கும் என்று வேறொரு துண்டைக் கிழித்து வைத்தேன். தண்ணீர் வேகத்தில் முதல் துணி பைப்புக்குள்ளே போயிருக்கும் என்று தோன்றவே இல்லை. உங்களிடம் சொல்லவும் இல்லை. தப்பு பூராவும் என்னுடையது. அவமானப்பட்டது நீங்கள்.

வண்டியை விற்கவில்லை. துணியைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லி முடித்தேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். துணியைத் தொடக்கூட இல்லை.

"அவியள ஏசும்போது கண்மாய்க் கரை பூராக் கேக்குற மாதிரி சத்தம் போட்டேல்லா? இத மட்டும் ஏம்லே எங்காதுல வந்து ஓதுத?" என்றாள். உலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

எழுந்துகொண்டேன். சாப்பிடச் சொல்வாளா என்று செத்த நேரம் நின்று பார்த்தேன். சொல்லவில்லை.

அடுத்த மாதம் உங்கள் முதலாம் ஆண்டு நினைவு. நீங்கள் இறந்தபோது நான் அடித்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் உங்கள் பெயரைவிட என் பெயர் பெரிசு. இந்தத் தடவை என் பெயர் சின்னதாக, அடியில் இருக்கும். உங்கள் போட்டோவுக்குக் கீழே, தூரத்திலிருந்தும் படிக்கிற மாதிரி இரண்டே வரி: "வண்டியைக் கெடுத்தது இவர் இல்லை. நான்தான்." மில் வாசல், டீக்கடை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு, உங்கள் பட்டறை ஷட்டர் எங்கும் பசை வாளியோடு போய் நானே ஒட்டுவேன். முதல் போஸ்டர் அந்தக் கண்மாய்க் கரையில். இது சத்தியம், மச்சான்.

பைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்ட,
உங்கள் மாப்ள
கணேசன்