ஊதா வெளிச்சப் பெட்டியும் அப்பாவின் கையெழுத்தும்

சதுரங்கப்பட்டினம்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகன் கிருபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இந்த நாள்வரை எங்களை நடத்திக்கொண்டு வந்திருக்கிறார், அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் அவரே மூடிக் காக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் முழங்காலில் நின்று கேட்கிறேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. வாரா வாரம் போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், மெசேஜையும் அவரே முதலில் பார்க்கிறார். இது அவருக்குத் தெரியக் கூடாத விஷயம். என் பொடி எழுத்தை அவரால் இப்போது படிக்க முடிவதில்லை, அதனால்தான் தபால்.

போன கிறிஸ்துமஸுக்கு, காயை உள்ளே வைத்தால் வெளிச்சம் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் என்று நீ அனுப்பிய ஊதா வெளிச்சப் பெட்டியைப் பற்றித்தான். அப்பா வாலிபத்தில் கடப்பாக்கம் பக்கம் ஊரார் வயலுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவர், வாளியில் வெறுங்கையால் கலக்கியவர் என்று உனக்குத் தெரியும். கை நடுக்கம் வந்தபோது, போன நரம்பு திரும்பாது, இனிமேலாவது பூச்சிமருந்து உடம்புக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து காய்கறியையே நிறுத்திவிட்டார். கத்திரிக்காய்க்கு எத்தினி தபா அடிப்பானுங்கன்னு எனக்குத் தெரியாதா, நானே அடிச்சவன்டி என்பார். கஞ்சியும் கருவாடுமாகத் தேய்ந்து போனவர், உன் பெட்டி வந்த பிறகுதான் ஒரு தட்டு பொரியல் சாப்பிட்டார். அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

முன்பு அப்பா அணுமின் ஆலையில் கான்ட்ராக்ட் வேலைக்கு உள்ளே போகும்போது சட்டையில் பேட்ஜ் மாட்டுவார்கள், வெளியே வரும்போது ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவார்கள் அல்லவா, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. தேதி, காய், எத்தனை நிமிஷம், திருப்பி வைத்தோமா என்று நான் நோட்டில் எழுத வேண்டும், கீழே அவர் கையெழுத்துப் போடுவார். பெட்டியோடு வந்த காகிதத்தில் காய் ஈரமாக இருக்கக் கூடாது என்று போட்டிருந்தது. இவர் அதைப் பிடித்துக்கொண்டு, தண்ணி பட்டா வெளிச்சம் ஏறாது, அப்பால கழுவுனா ஏறுனதும் பூடும் என்று சட்டம் போட்டார். முப்பது வருஷம் உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் காயை ஊறப்போட்டவள், நானும் கழுவுவதை விட்டேன். எட்டு மாதம்.

பக்கத்துத் தெரு ரோகிணி கேளம்பாக்கத்தில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஒரே கூடைக் கத்திரிக்காயில் பாதி வெளிச்சம் பட்டது, பாதி படாதது என்று கொண்டுபோய்ப் பார்த்தாள். வெளிச்சம் பட்டதில் மருந்து குறைவு என்று வந்தது. அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. அந்த ரிசல்ட் காகிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். காய் வண்டி ஏசுபாதத்திடம், உன் விஷத்த என் புள்ள பொட்டி முறிச்சிடுச்சு பார்டா என்றார். அவன், இருக்கட்டும் அண்ணாத்த, விஷம்னு சொல்லி வெலயக் கொறைக்காத என்றான். தெருவே சிரித்தது.

ரோகிணி மட்டும் சிரிக்கவில்லை. வாசல் வரை வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். ஆன்ட்டி, அங்கிள் சந்தோஷமா கீறாரு, அவராண்ட சொல்லாதீங்க, இந்த லைட்டு கிருமிக்குத்தான், மேலாப்புல இருக்கிற மருந்து கொஞ்சம் உடையும், உடைஞ்சது இன்னாவா ஆச்சுன்னு எங்க மிஷினு பாக்காது, லிஸ்ட்டுல கீற மருந்துங்க பேரத்தான் தேடும், சிலது சாதுவாயிடும், சிலது முன்ன இருந்தத விட மோசமாயிடும், உள்ள எறங்கினத லைட்டு தொடவே தொடாது என்றாள். இந்தக் கத்திரிக்காயில் இருந்தது எந்த ரகம் என்று கேட்டேன். தெரியாது என்றாள். யாருக்குத் தெரியும் என்றேன், அதற்கும் தெரியாது என்றாள். கழுவறத மட்டும் உட்ராதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். கழுவி எட்டு மாதம் ஆயிற்றே என்று உள்ளே போய் நோட்டை எடுத்தேன்.

அன்றைக்கு நோட்டை முதலிலிருந்து புரட்டினேன் கிருபா. ஜனவரியில் அப்பாவின் கையெழுத்து ஞானதாஸ் என்று கோடு போட்ட மாதிரி நிற்கிறது. ஏப்ரலில் கடைசி எழுத்து கீழே வழுக்குகிறது, ஜூலையில் அந்த எழுத்தே இல்லை. பழைய நோவு தானாகவும் முற்றியிருக்கலாம், காய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் மேலே கழுவாத காயின் பெயரை எழுதியிருப்பது என் கை.

இப்போது அவர் கூட்டாளி ஆபிரகாமோடு கோட்டைப் பக்கம் நடக்கப் போகும் நேரத்தில் காயைக் கழுவித் துடைத்து, ஃபேனடியில் காயவைத்துக் கூடையில் போட்டுவிடுகிறேன். கத்திரிக்கா இன்னாடி இப்பிடி பளபளன்னு கீது என்றார் ஒருநாள். புதுக் காய் என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய். கழுவினாலும் மேலே இருப்பதுதான் போகும். உண்மையைச் சொன்னால் மறுபடி தட்டைத் தள்ளிவிடுவார், இப்போதே நாற்பத்தேழு கிலோதான். சொல்லாவிட்டால் அந்த வெளிச்சம் என்னவாக மாற்றியதோ அதை நானே பரிமாற வேண்டும். பெட்டியைக் கெடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன், கெட்டால் நீ இன்னொன்று அனுப்புவாய். எது குறைந்த கெடுதல் என்று ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன், ஒரு வழியும் தெரியவில்லை. இனி தெரியும் என்றும் தோன்றவில்லை.

வருகிற கிறிஸ்துமஸுக்கு இன்னும் பெரிய பெட்டி வேண்டும் என்று போனில் உன்னிடம் கேட்பார். அனுப்பாதே. ஆனால் இது நல்ல பெட்டி என்று ஒரு வார்த்தை சொல். பெற்ற பிள்ளையைப் பொய் சொல்லச் சொல்கிறேன், அந்தப் பாவம் என் மேல் இருக்கட்டும். நீ பிரியத்தில் அனுப்பினாய், உன்மேல் குற்றமில்லை, அதை நினைத்து அங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பார். மறக்காமல் காயைக் கழுவிச் சாப்பிடு.

உன் அம்மா,
ரெஜினா

இப்போதுதான் அப்பா நடந்துவிட்டு வந்தார். கிருபாவுக்கா, பொட்டி சோக்கா வேல செய்துன்னு எழுது, குடு, நானும் கையெழுத்துப் போடறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். கீழே இருப்பது பாதியில் நின்றுவிட்டது என்று நினைக்காதே. முழுக் கையெழுத்தே இப்போது அவ்வளவுதான்.

ஞா