ஆறாவது படிக்குக் கழுவாத மணல்

தோஸ்து,

இதை எழுதும்போது என் பல்லிடுக்கில் மணல் நறநறக்கிறது. உன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பொங்கலுக்கு அடிக்க உன் அம்மா காவி கரைத்து வைத்திருந்தாள். "மொதல்ல வெடிப்பை அடைக்கணும், அப்பால தான் காவி" என்று மேஸ்திரி மாதிரி சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகை மணலை நாக்கில் வைத்தேன்.

"இன்னாடா மண்ணு துன்றே? மாசமா கீறியா?" என்றாள்.

ஆடிமாதக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியில் மிஞ்சிய குண்டு வெடியைப் பள்ளிக்கூடப் படியில் வைத்தது நான். வெடிப்புக்குள் வெடி, பொருத்தமாகத்தானே இருந்தது? கொளுத்திவிட்டு ஓடியதும் நான். ஓடத் தெரியாமல் நின்றது நீ. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஆறு படிகளும் அன்று வாயைப் பிளந்தன. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் அவற்றைச் சரிசெய்து காவி அடிக்காவிட்டால் இருவர் பேரையும் வெட்டிவிடுவதாகச் சொன்னார் தலைமையாசிரியர். எனக்கென்ன, அப்பாவின் கட்டுமரம் இருந்தது. உனக்கு, பேர் போனால் மறுநாளே உன் கொத்தனார் அப்பாவோடு சித்தாள் வேலை. படிக்க வேண்டும் என்ற ஆசை உனக்குத்தான் இருந்தது.

நீ உளியை எடுத்து வெடிப்பை இன்னும் அகலமாக்கினாய்.

"டேய், அவரு அடைக்கச் சொன்னாரா, ஒடைக்கச் சொன்னாரா?"

"வாயத் தொறந்தா தான மாமு சோறு உள்ள போவும்?"

தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, மணல் கேட்டாய். எதிரே கடற்கரை முழுக்க மணல். ஒரு கூடை அள்ளி வந்தேன். நீ கொஞ்சம் வாயில் போட்டுத் துப்பினாய்.

"உப்பு. காவிய உரிச்சிடும். கழுவிக்கினு வா."

கழுவி வந்தேன். "இன்னும் கீது." மறுபடி கழுவினேன். "கீது."

"உனுக்கு இன்னாடா, நாக்கா நாய் மூக்கா?"

ஏழாவது தடவைதான் கண்ணை மூடி மென்று, தலையசைத்தாய். கடலில் விழுந்து புரண்ட மீனவன் மகன் எனக்குத் தெரியாத உப்பு உனக்குத் தெரிந்தது. அன்று உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படிக்கு ஒரு கூடை, கூடைக்கு ஏழு கழுவல். ஆறாவது படிக்கு வந்தபோது என் கை ஓய்ந்துவிட்டது. மூன்றோடு நிறுத்தினேன்.

"ஏழு ஆச்சா?"

"ஆச்சு."

நீ வாயில் வைத்துப் பார்க்கவில்லை. அப்படியே சிமெண்டில் கொட்டினாய்.

காவி அடித்துச் சில நாட்களில் ஆறாவது படியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. காவி மீன் செதிள் போல உரிந்தது. இன்ஸ்பெக்டர் வர நான்கு நாள்தான் இருந்தது. மறுநாள் காலை நான் வந்தபோது நீ அந்தப் படியைக் கொத்தி எடுத்து, புதுக் கலவை போட்டு, ஈரச் சாக்கால் மூடி முடித்திருந்தாய். என்னைத் திட்டுவாய் என்று நின்றேன்.

"தப்பு என்னுது மாமு. வாயில வச்சுப் பாக்காம வுட்டேன்."

நான் வாளியை எடுத்து, சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்தேன்.

இன்ஸ்பெக்டர் அந்தப் படியில் ஏறிப் போனார். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. உன் பேர் ரிஜிஸ்தரில் நின்றது, ஆடி வரைக்கும்.

நேற்று பள்ளிக்கூடம் போய்ப் படிகளைத் தடவிப் பார்த்தேன். மற்ற ஐந்திலும் காவி தேய்ந்து, இரண்டில் மயிரிழை விரிசலும் ஓடியிருக்கிறது. ஆறாவது மட்டும் நீ போட்டபடியே இருக்கிறது. சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் வீட்டுப் படிக்கான மணலை இன்று ஏழு தடவை கழுவிவிட்டேன். மென்று பார்த்தேன். உப்பு இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் இது என் நாக்கு, உன்னுடையது அல்ல.

உன் அம்மா காவியைக் கலக்கிக்கொண்டே கேட்கிறாள்: "ஆச்சாடா?"

"இன்னும் இல்லம்மா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறேன்.