இறங்கேக்கை பாரும்

இன்று காலை குசினியில் மனைவி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மகளின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். நாவூறு கழிக்கிறாளாம். மிளகாய் கருகியது, புகையும் வந்தது. ஆனால் எனக்குத் தும்மல் வரவில்லை, கண்ணும் எரியவில்லை. "பாத்தீங்களே, நெடியே இல்லை. அவ்வளவு நாவூறு" என்றாள். நெடி வராவிட்டால் கண்பட்டது உண்மை என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. எனக்கு உடனே உம்முடைய நினைவுதான் வந்தது. நீர் இந்த உலகத்தை விட்டுப் போய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் குட்மேய்ஸ் பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் ஞாயிறு தோறும் கூடுவோமே. ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் கூடைப்பந்துக்கு ஆள் சேர்த்த காலம். ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய பொடியன்களை எடுப்பதா, லண்டனில் வளர்கிற பிள்ளைகளை எடுப்பதா என்று வாங்குப் பலகையில் குந்தியிருந்து தொண்டை அடைக்கும்வரை சண்டை பிடிப்போம். வாழ்க்கையில் பந்தைத் தொடாதவர்களுக்குத்தான் குரல் கூட. நீர் பெற்றோல் செட்டில் ஷிப்ட் முடித்து, யூனிபோமுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்கும் கையுமாகக் கடைசி வாங்குக்கு வருவீர்.

மற்றவர்கள் உயரத்தையும் பாய்ச்சலையும் பார்க்க, நீர் அவர்கள் பாய்ந்து தரையில் இறங்கும்போது காலைப் பார்ப்பீர். "எழும்பேக்கை எல்லாரும் வடிவுதான் ஐசே. இறங்கேக்கை பாரும்" என்பீர். ஊரில் பெயரெடுத்து வந்த ஒருவனை எங்கள் சங்கம் தலையில் தூக்கிவைத்து ஆடியபோது, "வலது முழங்கால் இந்தக் கோடையைத் தாங்காது" என்றீர். தாங்கவில்லை. இன்னொருவனைப் பார்த்து, "இவன் இஞ்சை நிக்கமாட்டான், கனடாவுக்குப் பறந்திடுவான்" என்றீர். பறந்தான். அதோடு உமக்குக் கரிநாக்கு என்று பெயர் விழுந்தது. நீர் சொல்லும் கெட்டதெல்லாம் பலிக்கும் என்று தாய்மார் உம்மைக் கண்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போனார்கள். நீர் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பீர்.

பிறகு என் மகனின் முறை வந்தது. நாலு வயதில் இங்கே வந்தவன், பதினாறில் ஆறடியைத் தாண்டி நின்றான். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் அவனைப் பார்க்க வருகிறார், படிப்புச் செலவு முழுக்க அவர்களுடையது என்று கதை பரவியதும், ஊர்ப் பொடியன்களுக்காக வாதாடியவர்கள்கூட அவன் பக்கம் சாய்ந்தார்கள். எனக்கும் தலைகால் தெரியவில்லை. நீர் மட்டும் வழமைபோலத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர். எல்லாருக்கும் மார்க் போடுகிற மனிதர் வாரக்கணக்காக என் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருந்தால் நான் விடுவேனா? கேட்டேன்.

"என்ரை நாக்கைப் பற்றி உமக்குத் தெரியும்தானே. விடும்" என்றீர்.

ஆனால் நீர் விடவில்லை. அன்று பின்னேரம் பஸ் தரிப்பில், தூறலில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்: "சொல்லாமலும் இருக்கேலாது ஐசே. பொடியன் இறங்கின உடனை ஒரு கணம் அப்பிடியே நிக்கிறான். அது களைப்பில்லை. உள்ளுக்கை இருந்து ஆரோ கூப்பிட்ட மாதிரி நிக்கிறான். நெஞ்சை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டும்."

வீட்டில் சொன்னேன். மனைவி அழுதாள், உம்மைத் திட்டினாள், மிளகாய் எரித்தாள். அன்றும் நெடி வரவில்லை. "அந்தாளின்ரை வாய்தான்" என்று முடித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதயத் தசை தடித்திருக்கிறது, எந்தப் பாய்ச்சலிலும் நின்றுவிடலாம், இனி விளையாட்டே வேண்டாம் என்றார்கள். கூடப் பிறந்தவர்களையும் வளர வளரக் காட்டச் சொன்னார்கள்.

பயிற்சியாளர் வந்தார், வேறு யாரையோ பார்த்துவிட்டுப் போனார். பொடியனின் விளையாட்டை உம்முடைய நாக்குத் தின்றுவிட்டது என்று மண்டபம் முழுக்கப் பேசியது. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வாயும் சொல்லவில்லை. அவர்கள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் ஆறவில்லை. மகன் மண்டப வாசலில், தன் விளையாட்டைப் பறித்தவரைப் பார்ப்பதுபோல உம்மை ஒருமுறை பார்த்தான். நீர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டீர். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீர் வருவதில்லை. நான் உம்முடைய வீட்டுக்கு வந்தால், "பொடியன் சாப்பிடுறானோ?" என்று மட்டும் கேட்பீர். உம்மை எரித்த அன்று எல்லாரும் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். நான் காரில் காத்திருந்தேன்.

இப்போது அதே மண்டபத்தில் மகள் விளையாடுகிறாள். சின்ன வயதில் காட்டியபோது ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது பதினாலு, அண்ணனின் உயரம் வருகிறது. வாங்கில் புது ஆட்கள், பழைய சத்தம். அமெரிக்கா என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. போன ஞாயிறு அவள் கூடைக்கு எழும்பினாள், எல்லாரும் கை தட்டினார்கள். இறங்கினாள். ஒரு கணம் அப்படியே நின்றாள்.

கை தட்டியவர்களில் ஒருவரும் அதைக் காணவில்லை. நான் மட்டும் கண்டேன். வீட்டில் சொன்னதற்குக் கிடைத்த பதில்தான் இன்றைய மிளகாய். "இஞ்சாருங்கோ, சொல்லிச் சொல்லி வரவழைக்காதேங்கோ" என்றாள் மனைவி. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நேரத்திலிருந்து மனைவி என்னோடு கதைக்கவில்லை.

கொஞ்சம் முன்னர் மகள் சப்பாத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வெளிக்கிட்டாள். வாசலில் மறித்தேன்.

"இண்டைக்குப் போகவேண்டாம் பிள்ளை. டொக்டர் பாக்கும்வரை விளையாட வேண்டாம்."

அண்ணன் அன்று உம்மைப் பார்த்த அதே பார்வையால் அவள் என்னைப் பார்த்தாள். பை இன்னும் அவள் தோளில்தான் இருக்கிறது, படியில் இருக்கிறாள். நான் பக்கத்து அறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவளுடைய மூச்சைக் கேட்டபடி இதை எழுதுகிறேன். உம்முடைய கண் எனக்கு வந்துவிட்டது. அந்தப் பார்வையை இத்தனை வருடம் எப்படித் தாங்கினீர் என்று உம்மிடம் கேட்காமல் விட்டுவிட்டேன் ஐசே.